இரண்டு வாளி மணல்

அரபு இலக்கணமும் பிக்ஹும் கற்றுக் கொடுத்துக் கொண்டிருக்கும் ஒரு மௌலவி, மீன் தொட்டிக்குப் போடும் மணலைப் பற்றி எழுத வந்தால் நீங்கள் வியப்படையலாம். சில வருடங்களுக்கு முன்னர் யாராவது இப்படி எழுதியிருந்தால் நானும் பக்கத்தைப் புரட்டி விட்டுப் போயிருப்பேன். ஆனால் இரண்டு வாளி மணல் எனக்குக் கற்றுத் தந்த பாடத்தை, பதினைந்து வருடங்களாகப் பலகையில் எழுதிக் கற்பித்தும் நான் அவ்வளவு தெளிவாக விளங்கியிருக்கவில்லை.

எங்கள் ஊர் கொத்மலைப் பகுதியில் உள்ளது. முன்பு எங்கள் பள்ளிவாசலில் ஒரு ஹவ்ழ் இருந்தது. அதில் மீன்களும் இருந்தன. என் இளைய மகள் நடக்கப் பழகிய காலத்திலிருந்து என் விரலைப் பிடித்துக் கொண்டு வந்து அந்த மீன்களைப் பார்த்துக் கொண்டு நிற்பாள். பின்னர் ஹவ்ழை எடுத்துவிட்டு, வுழூ செய்யக் குழாய்கள் பொருத்துவதென்று நிர்வாக சபை தீர்மானித்தது. மீன்கள் போயின. வேலைக்காக மணலும் கல்லும் வந்து பள்ளி வளவில் குவிந்தன.

அந்த வருடம் மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். "பாஸானால் வீட்டுக்கு ஒரு மீன் தொட்டி" என்று நான் வாக்களித்திருந்தேன். பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்திருந்தன. பிள்ளை அழவில்லை, ஆனால் வாய் திறந்து பேசுவதை நிறுத்திக் கொண்டாள். பாடசாலை விட்டு வந்தால் அறைக்குள் போய்ப் படுத்துக் கொள்வாள். இரண்டு கிழமை இப்படியே போன பிறகு ஓர் இரவு என் மனைவி சொன்னாள்: "இங்க பாருங்க, அந்தத் தொட்டிய வாங்கிட்டு வாங்க. பரிசு எண்டு குடுக்க வேணாம். எங்கட பிள்ளை எண்டு குடுங்க."

அடுத்த சனிக்கிழமை மகளையும் கூட்டிக் கொண்டு கம்பளைக்குப் போனேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தெரிவு செய்தோம். கடைக்காரத் தம்பி, "மணல் எவ்வளவு போடப் போறீங்க ஹஸ்ரத்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் காட்டிய நீலமும் சிவப்புமான சாயக் கற்கள் மகளுக்குப் பிடிக்கவில்லை. "ஆத்து மணல் மாதிரி வேணும் வாப்பா" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் முழு வசனம் அது. "மணல் ஊரில் இருக்கிறது, பார்த்துக் கொள்வோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரில் இருந்தது பள்ளிவாசலின் மணல். அன்று அஸருக்குப் பிறகு வளவில் யாருமில்லை. தகரத்தின் கீழே மணல் காய்ந்து பொலபொலவென்று கிடந்தது. லொறிக் கணக்கில் கிடக்கும் மணலில் இரண்டு வாளி என்ன பெரிய விடயம் என்று மனம் சொன்னது. பத்து லீற்றர் வாளியில் இரண்டு நிரப்பி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எவ்வளவு தேவை என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. கணக்குப் பார்க்காமல் எடுத்ததே முதல் தவறு என்பது பிறகுதான் விளங்கியது.

மணலைக் கழுவாமல் கொட்டி, பீலித் தண்ணீரை ஊற்றினேன். தொட்டி பால் தேத்தண்ணீர் போலக் கலங்கியது. அப்படியே ஆறு கப்பி மீன்களை விட்டோம். ஐந்து நாட்களுக்குள் இரண்டு செத்து மிதந்தன. மகளின் முகம் மறுபடியும் இருண்டது. அப்போதுதான் என் மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக் கொண்டு வேலையில் இறங்கினாள்.

மீதி மீன்களை ஒரு பாத்திரத்தில் விட்டுவிட்டு, தொட்டி மணலை முழுவதும் அள்ளி எடுத்தாள். மா அரிக்கும் அரிதட்டில் சலித்துத் தூளைக் கழித்தாள். பிறகு அரிசி அரிக்கும் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கையால் கலக்கி, கலங்கல் நீரைச் சாய்த்து ஊற்றினாள். கல் நெல் நீக்க எங்கள் உம்மாமார் செய்து வந்த அதே முறைதான். ஒவ்வொரு சட்டியையும் எட்டுப் பத்துத் தடவை கழுவிய பின்னரே நீர் தெளிந்தது. தண்ணீரோடு தங்கம் போல மினுங்கிக் கொண்டு போனவை மைக்காத் துகள்கள், நம்மவர்கள் காக்காப்பொன் என்பார்களே அதுதான். இலேசான தகடுகளாக இருப்பதால் அவை நீரில் மிதந்து திரியும். பெரும்பகுதியைக் கழுவிப் போக்கிவிட வேண்டும். மணலைக் கழுவுவதற்குச் சவர்க்காரமோ சலவைத் தூளோ ஒருபோதும் பாவிக்கக் கூடாது. அதில் எஞ்சும் சிறு துளியும் மீனைக் கொல்லும்.

அதன் பிறகு நான் அறிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் சேர்த்துக் கொண்டவற்றை இங்கே சொல்கிறேன். பிள்ளைகளுக்குத் தொட்டி வைத்துக் கொடுக்கும் சகோதரிகளுக்குப் பயன்படும்.

எல்லா மணலும் ஒன்றல்ல. நம் மலைநாட்டு ஆற்று மணலில் பெரும்பகுதி படிகக்கல் துகள். அது நீரில் கரையாது, நீரின் தன்மையை மாற்றாது, ஆகவே நல்லது. கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும். அது சுண்ணாம்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீரைக் கடினமாக்கும். நம் பீலித் தண்ணீர் மென்மையானது. அதற்குப் பழகிய மீன்களுக்கு இந்த மாற்றம் ஒத்துக் கொள்ளாது. நம் நாட்டுக்கே உரிய செரி பார்ப் என்ற சிறு சிவப்பு மீன் அப்படிப்பட்டது. 1929இல் தெரணியகல என்ற அறிஞர் அதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கப்பி, மொலி போன்றவை கடின நீரையும் தாங்கும்.

காத்தான்குடியிலிருந்து மச்சினன் அன்போடு ஒரு பை கடற்கரை மணல் கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு கரண்டி எடுத்து உலர வைத்து, சில துளி வினாகிரி விட்டுப் பார்த்தோம். உடனே நுரைத்துக் குமிழி கிளம்பியது. ஆற்று மணலில் விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. சமையலறையிலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனை போதும். மச்சினனின் மணல் ரோஜாச் சாடியைச் சுற்றிப் போடப் போயிற்று.

நாத்தாண்டியாப் பக்கத்து வெண்மணல், கண்ணாடி செய்யப் பயன்படுவது, மிகத் தூய்மையானது. கிடைத்தால் அதுவும் நல்லது. கல்லுடைக்கும் இடத்துக் கருங்கல் தூளை மட்டும் போட வேண்டாம். அதன் துகள்கள் கூர்மையானவை. அடிமணலைக் கிளறித் தின்னும் கோரிடோராஸ் போன்ற மீன்களின் மீசை அதில் உராய்ந்து புண்ணாகும்.

துகளின் அளவையும் பார்க்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை வைத்து பி.ஓ.பி. வேறு, டஸ்ட் வேறு என்று பிரிப்பதைத் தோட்டப் பக்கத்தில் வாழும் நாம் அறிவோம். டஸ்ட் தேயிலை டப்பாவில் இறுகிப் படியும், பெரிய இலைத் தேயிலை இடைவெளி விட்டுக் கிடக்கும். மணலும் அப்படியே. மிக நுண்ணிய மணல் இறுகிவிடும். அதற்குள் காற்று புகாமல் அழுகல் உண்டாகி, கறுப்புத் திட்டுக்களும் கூழ்முட்டை நாற்றமும் தோன்றும். பருக்கைக் கல்லோ, மீனின் எச்சத்தையும் மிஞ்சிய உணவையும் இடுக்குகளில் ஒளித்து வைத்துக் கொள்ளும். ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் வரையிலான பரும்மணல் நடுத்தரமானது.

இனி அளவு. மீன் மட்டும் வளர்ப்பதாயின் ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குல உயரம் போதும். செடி நடுவதாயின் பின்பக்கம் மூன்று அங்குலம், முன்பக்கம் ஓர் அங்குலம் என்று சரிவாகப் போடலாம். சராசரி அப்போதும் இரண்டு அங்குலந்தான்.

கணக்கு எளிது. நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லீற்றர் வரும். எங்கள் தொட்டிக்கு 60 × 30 × 5 = 9000. அதாவது 9 லீற்றர். உலர்ந்த மணல் ஒரு லீற்றர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிறுக்கும். ஆகவே பதினான்கு கிலோ. அங்குலத்தில் நினைவு வைக்க விரும்பும் சகோதரிகள், ஒரு சதுர அடிக்கு ஓர் அங்குல உயரம் போட மூன்றரைக் கிலோ என்று வைத்துக் கொள்ளலாம். சலித்துக் கழுவும்போது கழிவதற்காக நாலில் ஒரு பங்கு கூடுதலாக எடுக்க வேண்டும்.

தொட்டியை வைக்கும் மேசையையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மணல் 14 கிலோ, கண்ணாடி 9 கிலோ, ஊற்றும் நீர் 40 கிலோ. எல்லாமாக 63 கிலோ. வளர்ந்த ஒரு மனிதரை இரவு பகலாக மேசையில் உட்கார வைப்பது போல. பிள்ளை படிக்கும் பலகை மேசை இதைத் தாங்காது.

இந்தக் கணக்கை நான் கொப்பியில் எழுதிக் கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள்.

"ஒம்பது லீற்றருக்கு நாலில ஒரு பங்கு கூட்டினா பதினொண்டேகால் தானே வாப்பா. நீங்க இருபது கொண்டு வந்தீங்களே, மிச்சம் எங்க?"

"முற்றத்தில் கொட்டியாயிற்று மகள்."

"அது எங்க எடுத்த மணல்?"

நான் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது பள்ளி மணல் தானே?" என்று மட்டும் கேட்டாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்து கொள்ளக் கேட்ட கேள்விதான். குர்ஆன் மத்ரஸாவில் பள்ளிவாசல் சொத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். பள்ளியின் ஒரு மெழுகுதிரியைக் கூட வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்று சொன்ன அன்று முன்வரிசையில் இருந்தவள் அவள். சகோதரிகளே, அந்த நேரம் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

யாருடைய காசு அந்த மணல்? தோட்டத்தில் சிறு கடை வைத்திருப்பவரின் சந்தா, தையல் மெஷின் மிதித்து வாழும் விதவைச் சகோதரியின் நூறு ரூபா, வெளிநாட்டில் உழைக்கும் ஒரு தம்பி அனுப்பிய பங்கு. அதில் பாதியளவை நான் முற்றத்தில் கொட்டியிருந்தேன்.

தொட்டி மணலை எடுத்துத் திருப்பிக் கொடுத்து விடலாமே என்று மனைவி கேட்டாள். அப்போதைக்கு மீன்கள் தெளிந்த நீரில் ஒரு மாதத்துக்கு மேலாக இருந்து விட்டன. மீனின் எச்சத்திலிருந்து அமோனியா என்ற நஞ்சு நீரில் சேரும். அதை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணல் துகள்களின் மேலேதான் பெருமளவு குடியிருக்கின்றன. அவை பெருகிப் போதுமான அளவாவதற்கு மூன்று முதல் ஆறு கிழமை வரை எடுக்கும். முதல் மீன்கள் செத்ததற்கும் அவை இல்லாததே பெரிய காரணம். தொட்டி வைத்த அன்றே மீன்களை நிரப்பி விடக் கூடாது, ஓரிரண்டை விட்டுக் கொஞ்சமாக உணவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். இப்போது மணலை ஒரேயடியாக எடுத்தால் எஞ்சிய மீன்களும் சாகும். என் தவறுக்கு அந்த வாயில்லா ஜீவன்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அளந்து விற்கப்படும் பொருளை அழித்தவன் அதே இனத்தில், அதே அளவில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே நான் படித்துக் கொடுக்கும் சட்டம். ஆகவே புது மணல் வாங்கிக் கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

பக்கத்தில் வீடு கட்டிக் கொண்டிருந்தவரிடம் விலை கொடுத்து மணல் கேட்டேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. ஈர மணலில் இரண்டு வாளி நிரப்பியபோது, அங்கே வேலை செய்து கொண்டிருந்த மேசன் பாஸ் சிரித்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து இருபது வருடங்களுக்கு மேல் சாந்து குழைத்த மனிதர்.

"மௌலவி, நீங்க எடுத்தது காஞ்ச மணலா, ஈர மணலா?"

"காய்ந்தது."

"அப்ப ரெண்டு வாளி பத்தாதுங்க. ஈரம் பட்டா மணல் ஊதிக்கிரும்."

ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து ஈர மணலைப் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்பினார். பிறகு மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றிக் கம்பியால் கிளறித் தட்டினார். மணல் எட்டுச் சென்ரிமீற்றருக்கு இறங்கி நின்றது. சிறு ஈரம் துகள்களைச் சுற்றி மெல்லிய படலமாகப் பிடித்து ஒன்றையொன்று விலக்கி வைக்கிறது. நன்றாக நனைந்து மூழ்கினால் அந்தப் படலம் அழிந்து, மணல் உலர்ந்த அளவுக்கே இறங்கி விடுகிறது. எட்டுக்குப் பத்து என்றால் நாலில் ஒரு பங்கு வீக்கம். நான் எடுத்த 20 லீற்றருக்கு ஈடாக 25 லீற்றர் ஈர மணல் கொடுக்க வேண்டும். இரண்டு வாளியோடு திரும்பியிருந்தால், கொடுத்து விட்டேன் என்ற நிம்மதியோடு ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்தவனாகியிருப்பேன். அளவையில் குறைப்பவர்களுக்கு வரும் எச்சரிக்கையை எத்தனை ஜும்ஆக்களில் நான் ஓதியிருக்கிறேன்! மணல் வாங்கும் வீட்டார் எல்லோரும் இந்தப் போத்தல் சோதனையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கியூப் கணக்கில் வாங்கும்போது இந்த வித்தியாசம் சிறியதாக இருக்காது. ஒரு கியூப் என்பது நூறு கன அடி.

அன்று பாஸ் இன்னொன்றும் சொன்னார். "ஆத்துல மணல் சும்மா கெடக்குதுன்னு நெனைக்கிறாங்க. அது நின்னு போச்சுங்க." கொத்மலை ஓயாவை மறித்து 87 மீற்றர் உயர அணை கட்டி, 1985இல் வேலை முடிந்தது. 201 மெகாவொட் மின்சாரம் எடுக்கக்கூடிய அந்த நீர்த்தேக்கத்துக்காக வயல்களும் வீடுகளும் நீரில் மூழ்கின, மக்கள் தூரத்து மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரிவதைப் பார்க்கச் சனம் கூடுகிறது. தேங்கிய நீரில் ஆறு கொண்டு வரும் மணலும் வண்டலும் படிந்து விடுகின்றன. கீழேயுள்ள ஆற்றுக்குப் பழையபடி அது போய்ச் சேர்வதில்லை. கரையில் அளவுக்கு மேல் தோண்டினால் கரை இடிகிறது, கிணற்று நீர் கீழே போகிறது. இதனால்தான் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வியாபாரத்துக்காக மணல் அள்ளவும் ஏற்றிச் செல்லவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அல்லாஹ் படைத்த மணல், யாரும் அள்ளலாம் என்று பேசுவது எளிது. படைத்தவன் அதை ஒருவருக்கு மட்டும் படைக்கவில்லையே.

மஃரிபுக்கு முன் மகளும் நானும் மூன்று வாளி மணலைப் பள்ளி வளவுக்குக் கொண்டு போனோம். இரண்டரை கடன், அரை வாளி மனத் திருப்திக்கு. மூன்றாவது வாளியை அவள் என்னோடு சேர்ந்து பிடித்துக் கொண்டாள். நிர்வாக சபைச் செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து, "ரெண்டு வாளிக்கா ஹஸ்ரத் இவ்வளவு? விடுங்க" என்றார். "நீங்கள் விட முடியாது, நானும் கேட்க முடியாது. இது நம் இருவருடையதும் அல்ல" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பொருள் வரவுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் கேட்டாள்: "வாப்பா, உங்களுக்கு வெக்கமா இருந்திச்சா?"

"இருந்தது மகள்."

கொஞ்ச தூரம் போன பின் சொன்னாள்: "ரிசல்ட் வந்த நேரம் எனக்கும் அப்பிடித்தான் இருந்திச்சு."

அந்தப் பேச்சுக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன்! பீலியடியில் நின்று, புள்ளி குறைவது குற்றமில்லை, வாப்பா செய்ததுதான் குற்றம், குற்றத்துக்கே திருத்திக் கொள்ள வழி இருக்கும்போது குறைவுக்கு வழி இல்லாமல் போகுமா என்று சொன்னேன். அவள் அழுதாள். பெறுபேறு வந்த நாளிலிருந்து அன்றுதான் அழுதாள்.

இப்போது தொட்டி கூடத்தில் சீமெந்துத் திண்ணையில் இருக்கிறது. கப்பிகள் குட்டி போட்டுப் பெருகி, கேட்ட வீடுகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறோம். வாரம் ஒரு தடவை நாலில் ஒரு பங்கு நீரை இறப்பர் குழாயால் எடுக்கும்போது, குழாயை மணலுக்குள் குத்தாமல் ஒரு விரலளவு மேலே பிடித்து எச்சத்தை மட்டும் இழுத்தெடுக்கிறாள் மகள். மணலை இலேசாக விரலால் கிளறி விடுகிறாள். புது நீர் ஊற்றும்போது மணலின் மேல் ஒரு பீங்கானை வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றுகிறாள், மணல் கலங்குவதில்லை. குழாய் நீர் வரும் வீடுகளில் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பின் ஊற்றுங்கள்.

சகோதரிகளே, பிள்ளைக்கு ஒரு தொட்டி வைத்துக் கொடுக்க நினைத்தால் வைத்துக் கொடுங்கள். பரீட்சை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வைக்குமுன் நீளத்தையும் அகலத்தையும் பிள்ளையைக் கொண்டே அளக்கச் செய்யுங்கள். எவ்வளவு தேவை என்பதைக் கணக்குப் பார்த்து, அந்த அளவை மட்டும், உரியவரிடம் கேட்டு எடுங்கள்.